போகேல்லைக்குள்ள கிடக்கிற இங்கிலிஷ் இலக்கணம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பர்ல ஞாயிற்றுக்கிழமை வாற இங்கிலிஷ் படிப்பிக்கிற பகுதியை நான் விடாம வாசிக்கிற ஆள், வாசிச்சு முடிய வெட்டி என்ர கடை மேசைக் கண்ணாடிக்குக் கீழ வைக்கிற ஆளும் கூட, அதால இதைக் குறை சொல்லவெண்டு எழுதேல்லை எண்டதை முதல்லயே சொல்லிப்போடுறன். ஆனா போன கிழமை இன்ஃபினிட்டிவ் பற்றிப் போட்டிருந்தியள். வினைச்சொல்லுக்கு முன்னால டு போட்டா அதுதான் இன்ஃபினிட்டிவ் எண்டு ஒரு வரி, கீழ கொஞ்ச உதாரணம், அவ்வளவுதான், பாடம் முடிஞ்சுது. அந்த ஒரு வரியை நம்பி எத்தினை பிள்ளையள் "ஐ கேன் டு கோ" எண்டு எழுதப்போகுதுகளோ எண்டு நினைக்க எனக்கு அண்டைக்குக் காலமை இடியப்பம் இறங்கேல்லை.

நான் டீச்சர் இல்லை. வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு லேனுக்குள்ள சின்னனா ஒரு கொமியூனிகேஷன் வைச்சிருக்கிறன். போட்டோக்கொப்பி, லேமினேட்டிங், ரீலோட், பாஸ்போர்ட் படம், அதோட ஆக்கள் கையால எழுதிக்கொண்டு வாற லெட்டரை டைப் பண்ணிக் குடுக்கிறது. 1987இல 13ஆவது திருத்தத்தோட தமிழும் ஆட்சி மொழி, இங்கிலிஷ் இணைப்பு மொழி எண்டு சட்டத்தில வந்திட்டுது, சரி, ஆனா வேலைக்கு அப்ளிகேஷன் எண்டாலும் எம்பஸிக்கு லெட்டர் எண்டாலும் பாங்கில லோன் கேக்கிறதெண்டாலும் எங்கட சனம் இங்கிலிஷ்லதான் வேணும் எண்டு வரும். சிங்களத்தில எழுதினா எனக்கு விளங்காது தம்பி, தமிழில எழுதினா அங்க இருக்கிறவருக்கு விளங்காது, இங்கிலிஷ்ல எழுதினா ரெண்டு பேருக்கும் அரைவாசி விளங்கும் எண்டு ஒரு ஐயா சொன்னார், இணைப்பு மொழிக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேக்கேல்லை.

அப்பிடி வாற லெட்டருகள்ல எழுத்துப் பிழையைக் கொம்பியூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிப்போடும். இந்த இன்ஃபினிட்டிவ் பிழைதான் தப்பிப் போறது. "லெட் மீ டு நோ." "தே மேட் மீ டு வெயிட்." "ஐ டிட் நொட் ரிசீவ்ட்." "ஐ கேம் ஃபோர் டு மீட் யூ." கடைசி வரியில எல்லாரும் ஒரேமாதிரி "ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியர் ஃப்ரொம் யூ." படிச்ச பிள்ளையள், ஓ.எல்லில இங்கிலிஷுக்கு ஏ எடுத்த பிள்ளையள் கூட இதே பிழை விடுகிதுகள், ஆளுக்கொரு பிழை இல்லை, ஒரே பிழை. ஒரே பிழையை எல்லாரும் விட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேணும், அந்தக் காரணம் எங்கட வாய்க்குள்ளயே கிடக்கு எண்டு சொல்லத்தான் இந்த லெட்டர்.

போ எண்ட சொல்லை எடுங்கோ. அதில இருந்து "போக" வருது. வா எண்டா வர, செய் எண்டா செய்ய, அழு எண்டா அழ. இந்த "அ"வில முடியிற வடிவத்துக்குத் தமிழில செய எச்சம் எண்டு பேர். இது ஆள் ஆரெண்டு காட்டாது, நேற்றா நாளைக்கா எண்டு தானாச் சொல்லாது. நான் போக, நீ போக, அவள் போக எல்லாம் ஒண்டுதான். இன்ஃபினிட்டிவ் எண்ட பேரும் இதைத்தான் சொல்லுது, லத்தீன்ல எல்லை கட்டாதது எண்டு அர்த்தம், ஆள் எண்ட எல்லையும் இல்லை காலம் எண்ட எல்லையும் இல்லை. நன்னூல் படிச்ச ஆக்கள் செய எண்டது நிகழ்காலம் காட்டும் எண்டு சண்டைக்கு வருவினம், வரட்டும், நான் பேச்சுத் தமிழை வைச்சுச் சொல்லுறன். எனக்கும் பள்ளிக்கூடத்தில வான் பான் பாக்கு எண்டு வினையெச்ச விகுதியளைப் பாடமாக்கி, உண்பான் வந்தான் எண்டா உண்டான் எண்டு நினைச்சு எழுதி அடி வாங்கின ஞாபகம் இருக்கு. சாப்பிட வந்தான் எண்டுதான் அதுக்கு அர்த்தம், அதுவும் ஒரு இன்ஃபினிட்டிவ்தான், அடிச்ச வாத்தியார் அப்பிடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இங்கிலிஷ் பாடத்தில மற்ற அடி மிச்சமாயிருக்கும்.

இப்ப "போகேல்லை" எண்ட சொல்லைப் பிரிச்சுப் பாருங்கோ. போக, இல்லை. அவ்வளவுதான். கொழும்பில பிறந்து வளந்த பிள்ளையள் போகல்ல எண்டு சொல்லும், அதுவும் அதேதான். நேற்றுப் போகேல்லை எண்டு சொல்லேக்க போ எண்ட வினையில கடந்த காலம் எங்கயாவது இருக்கா? இல்லை. போனன் இல்லை எண்டு எங்கட வீட்டில ஆரும் கதைக்கிறதில்லையே. வினை வெறும் இன்ஃபினிட்டிவா நிக்குது, மிச்சத்தை இல்லை எண்டது பாத்துக்கொள்ளுது. இங்கிலிஷ்லயும் அச்சொட்டா அப்பிடித்தான், "ஐ டிட் நொட் கோ." கடந்த காலத்தை டிட் தூக்கிக்கொண்டு போட்டுது, கோ வெறுங்கையோட நிக்குது. பேந்தும் "டிட் நொட் வென்ட்" எண்டு எழுதுறது ஒரு பெட்டியை ரெண்டு பேர் தனித்தனியாத் தூக்குற மாதிரி. என்ர கடைக்கு வாற பிள்ளையளுக்கு நான் டிட்டுக்குப் பிறகு முதலாம் வடிவம் ரெண்டாம் வடிவம் எண்டெல்லாம் சொல்லுறேல்லை, போகேல்லை எண்டதைப் பிரிக்கச் சொல்லுவன், பிரிச்சாப் பிறகு ஒருக்காவும் பிழை விடாத பிள்ளையை எனக்குத் தெரியும், ஏழாம் வகுப்புத்தான் படிக்குது.

போகேலாது எண்டதும் அப்பிடித்தான், போக ஏலாது, "கேனொட் கோ." நடுவில டு இல்லை. போக விடு, "லெட் ஹிம் கோ," டு இல்லை. அழ வைச்சான், "மேட் ஹிம் க்ரை," டு இல்லை. தமிழில எந்தச் சொல் "அ"வோட ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில வருதோ அதுக்கு இங்கிலிஷ்ல அனேகமா டு வராது. கேன், குட், வில், வுட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட் இவ்வளவும், டூ, டஸ், டிட்டும், பிறகு லெட், மேக். ஒட்டாம தனிச் சொல்லா நிக்கிறது, போக விருப்பம், போக முடிவெடுத்தன், போக மறந்திட்டன், போக ஓம் பட்டன், இதுகளுக்கு டு வரும்.

இது சட்டமில்லை, எனக்குக் கடையில இருந்து இருந்து வந்த ஒரு கைக்கணக்கு. உடையிற இடமும் இருக்கு. "வேணும்" எண்டதுதான் பெரிய கரைச்சல். போகோணும் எண்டு நாங்கள் ஒரே சொல்லில சொல்லுறதுக்கு இங்கிலிஷ்ல மஸ்ட் கோ, ஷுட் கோ, ஹேவ் டு கோ, நீட் டு கோ, ஓட் டு கோ, வோன்ட் டு கோ எண்டு ஒரு பட்டாளமே இருக்கு, அதில மஸ்டுக்கும் ஷுட்டுக்கும் டு இல்லை, மிச்சம் நாலுக்கும் இருக்கு. பிள்ளை "மஸ்ட் டு கோ" எண்டு எழுதுறது சோம்பல்ல இல்லை, ஹேவ் டு எண்டு படிச்சதை மஸ்டுக்கும் ஒட்டிப்போடுது. இதில விருப்பத்தையும் கட்டாயத்தையும் மட்டும் பிரிக்க ஒரு வழி இருக்கு, நான் போகோணும் எண்டா கட்டாயம், எனக்குப் போகோணும் எண்டா விருப்பம். சிங்களத்திலயும் இதே கதைதான், மம யன்ன ஓனே எண்டா போயே ஆகோணும், மட்ட யன்ன ஓனே எண்டா போக ஆசை. யன்ன, கரன்ன, கன்ன எண்டு அவையளுக்கும் ஒரே ஒரு இன்ஃபினிட்டிவ்தான், அதால அவையளும் எங்களை மாதிரியே "லெட் மீ டு நோ" எண்டுதான் எழுதிக்கொண்டு வருவினம். மொழிப் பிரச்சினையில நாங்கள் ஒற்றுமையா இருக்கிற இடம் இந்த டு ஒண்டுதான் போல.

மேக் பற்றி ஒண்டு விட்டிட்டன். "தே மேட் மீ வெயிட்" எண்டதைத் திருப்பி நான் காக்க வைக்கப்பட்டன் எண்டு செயப்பாட்டில எழுதேக்க டு திரும்பி வந்திடும், "ஐ வோஸ் மேட் டு வெயிட்." முறைப்பாட்டு லெட்டருகள்ல இது அடிக்கடி தேவைப்படுது, ஏனெண்டு சொல்லத் தேவையில்லை. ஹெல்ப்புக்கு டு போட்டாலும் சரி விட்டாலும் சரி.

மற்றது இந்த "க்கு." படிக்கிறதுக்குக் கொழும்புக்கு வந்தன் எண்டு நாங்கள் சொல்லுறம், அந்தக் க்கு வந்து மூளைக்குள்ள ஃபோர் எண்டு மணியடிக்க, "ஐ கேம் டு கொழம்போ ஃபோர் ஸ்டடி" எண்டும் "ஃபோர் டு ஸ்டடி" எண்டும் வருது. அந்த இடத்தில வெறும் "டு ஸ்டடி" போதும், ஏனெண்டா அந்த டுவே ஒரு க்குதான். இது விளையாட்டுக்குச் சொல்லேல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய இங்கிலிஷ்ல பாட எண்டதுக்கு "சிங்கன்" எண்டு ஒரே சொல், எங்கட பாட மாதிரியே கடைசியில ஒரு விகுதி, டு இல்லை. பாடுறதுக்கு எண்டு சொல்லோணும் எண்டாத்தான் முன்னால டுவைப் போட்டு "டு சிங்கென்னெ" எண்டு சொல்லியிருக்கினம். பிறகு விகுதியெல்லாம் தேஞ்சு தேஞ்சு விழுந்திட்டுது, முன்னால நிண்ட டு மட்டும் மிஞ்சி அடையாளமாப் போச்சு. கேன், மஸ்ட் மாதிரியான சொல்லுகள் அந்தக் காலத்திலயே டு இல்லாத வடிவத்தோட பழகினதால இண்டைக்கும் டுவைக் கிட்ட எடுக்குதுகள் இல்லை. உங்கட பாடத்தில இந்த ஒரு கதையைச் சொல்லியிருந்தா டு எண்டது வினையின்ர தலை இல்லை, தலையில வைச்ச தொப்பி எண்டு பிள்ளையளுக்கு விளங்கியிருக்கும்.

எல்லா டுவும் அந்தத் தொப்பியும் இல்லை. சில டு இன்னும் பழைய க்குவாவே இருக்கு. லுக் ஃபோர்வர்ட் டு, ஒப்ஜெக்ட் டு, பழகிப் போச்சு எண்டுற அர்த்தத்தில வாற பீ யூஸ்ட் டு. இதுகளுக்குப் பிறகு வினை வந்தா இங் போடோணும், "ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரொம் யூ." எது எதெண்டு கண்டுபிடிக்க நான் சொல்லிக் குடுக்கிற வழி லேசு, டுவுக்குப் பிறகு இட் எண்ட சொல்லைப் போட்டுப் பாருங்கோ. "ஐ லுக் ஃபோர்வர்ட் டு இட்," சரியா வருது, அப்ப இங். "ஐ வோன்ட் டு இட்," கேக்கவே காது கூசுது, அப்ப வெறும் வினை. முந்தி செய்யிறனான் எண்டுற அர்த்தத்தில வாற யூஸ்ட் டுவுக்கும் இட் பொருந்தாது, அதால "ஐ யூஸ்ட் டு லிவ் இன் கொட்டாஞ்சேனை," லிவ்விங் இல்லை. லெட்டர் முடிக்கிற வரியில மட்டும் இதைத் திருத்திக் குடுக்க ஆக்கள் என்னோட சண்டை பிடிச்சிருக்கினம், இல்லை அண்ணே எங்கட சேர் இப்பிடித்தான் எழுதித் தந்தவர் எண்டு. கட்டணம் தாறது அவையள், நான் என்ன செய்ய, சில நேரம் அப்பிடியே அடிச்சுக் குடுத்திருக்கிறன்.

இதெல்லாம் பெரிய விஷயமா, ஆளுக்கு விளங்கினாப் போதாதா எண்டு கேப்பியள். டு இருந்தாலும் இல்லாட்டிலும் விளங்கிற இடம் கனக்க இருக்கு, ஒத்துக்கொள்ளுறன். விளங்காம, இல்லாட்டி மாறி விளங்கிற இடமும் இருக்கு, அதில நான் காசோட அடிபட்டனான்.

கடை துடங்கின புதுசில தெஹிவளையில வாடகைக்கு இருந்தன். வீட்டுக்கார ஐயா மெல்பேர்ன்ல, அவர் மோசம் போன பிறகு கணக்கு வழக்கெல்லாம் மகன் பாத்தவர், அங்கயே பிறந்த பெடியன், தமிழ் கதைச்சா விளங்கும், வாசிக்கத் தெரியாது. நான் ஆறு மாச அட்வான்ஸ் ஐயாவின்ர கையில குடுத்தது, மகன்ர கணக்கில இல்லை. குடுத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தம்பி எண்டு எழுதப் போய் நான் அடிச்சது "ஐ ரிமெம்பர் டு பே த அட்வான்ஸ்." அடிச்சுப் போட்டு நல்லா எழுதியிருக்கிறன் எண்டு ஒருக்காத் திருப்பி வேற வாசிச்சுப் பாத்தனான். அடுத்த நாளே பதில், நீங்கள் மறக்காம இருக்கிறது சந்தோஷம், எப்ப கட்டப்போறியள்? எனக்குத் தலை விறைச்சுப் போச்சு. "ரிமெம்பர் பேயிங்" எண்டு எழுதியிருந்தாத்தான் குடுத்தது ஞாபகம் இருக்கு எண்டு அர்த்தம். "ரிமெம்பர் டு பே" எண்டா குடுக்கோணும் எண்டதை மறக்காம இருக்கிறன் எண்டு. ஆறு மாசக் காசு ஒரு டுவுக்கும் ஒரு இங்குக்கும் நடுவில தொங்கிக்கொண்டு நிண்டுது. மனிசி பழைய காஸ் புத்தகத்துக்குள்ள, அடுப்புக் காஸ் கணக்கு எழுதிற கொப்பிக்குள்ள, ஐயா சைன் வைச்ச ரிசீட்டைத் தேடி எடுத்தாப் பிறகுதான் சோறு இறங்கிச்சுது. அந்த ரிசீட்டும் ஒரு போட்டோக்கொப்பிதான், ஒரிஜினல் இல்லை, எங்கட தொழிலுக்கு ஒரு புண்ணியம்.

அந்த ரிமெம்பரை மாதிரியே ஃபொர்கெட்டும் ஸ்டொப்பும் ட்ரையும் ரிக்ரெட்டும். இதுகளுக்கு டு வந்தா ஒரு அர்த்தம், இங் வந்தா வேற அர்த்தம். அம்மாவைப் பாக்கவெண்டு வேலையை விட்ட ஒரு பிள்ளை தன்ர லெட்டர்ல "ஐ ஸ்டொப்ட் டு வேர்க்" எண்டு எழுதிக்கொண்டு வந்தது. அப்பிடியெண்டா வேறென்னவோ செய்துகொண்டிருந்ததை நிப்பாட்டிப்போட்டு வேலை செய்யத் துடங்கினன் எண்டு வரும், நேர்மாறு. "ஸ்டொப்ட் வேர்க்கிங்" எண்டு மாத்திக் குடுத்தன். அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னதும் தமிழ்தான். வேலை செய்ய நிண்டன், வேலை செய்யிறதை நிப்பாட்டினன், ரெண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார் எண்டன். "செய்ய" வாற இடத்தில டு, "செய்யிறதை" வாற இடத்தில இங். பிள்ளை சிரிச்சுப்போட்டு, இதை ஏன் அண்ணா பள்ளிக்கூடத்தில சொல்லேல்லை எண்டு கேட்டுது. இந்தச் செய்ய, செய்யிறதை எண்ட வித்தியாசம் எஞ்ஜோயுக்கும் நல்லா வேலை செய்யும், பாடுறதை ரசிக்கிறன், "எஞ்ஜோய் சிங்கிங்." சஜெஸ்டுக்கு உதவாது, "ஐ சஜெஸ்ட் யூ டு கம்" எண்டது எங்கட வாயில சரியா வரும், இங்கிலிஷ்ல பிழை. அதைப் பாடமாக்கத்தான் வேணும், குறுக்கு வழி இல்லை.

வேண்டாம் எண்டதையும் ஒருக்காப் பாருங்கோ. அவனை வர வேண்டாம் எண்டு சொன்னன், "ஐ டோல்ட் ஹிம் டோன்ட் கம்" எண்டு எழுதுறம். நொட்டை டுவுக்கு முன்னால வைக்கோணும், "ஐ டோல்ட் ஹிம் நொட் டு கம்."

போன மாசம் உங்கட வாசகர் பக்கத்தில ஒரு பெரியவர், டுவுக்கும் வினைக்கும் நடுவில வேற சொல்லைச் செருகிறது மகா பாவம், இந்தக் காலத்துப் பிள்ளையள் இங்கிலிஷைக் கெடுக்குதுகள் எண்டு எழுதியிருந்தார். அவருக்கு ஒரு சொட்டுச் சொல்லோணும். இந்தச் சண்டை இந்தக் காலத்துப் பிள்ளையள் துடக்கினது இல்லை, கன்டபரி தேவாலயத்து டீன் ஹென்றி ஆல்ஃபோர்ட் எண்டவர் 1864இலயே இது கூடாதெண்டு எழுதிப்போட்டார். பிறகு 1926இல ஃபவுலர் எண்டவர் தன்ர அகராதியில இங்கிலிஷ் கதைக்கிற ஆக்களை இந்த விஷயத்தில அஞ்சு வகையாப் பிரிச்சார், அதில ஒரு வகை, இது என்னெண்டே தெரியாது, ஆனா பயங்கரமாக் கவலைப்படுவினம். தெரியாமலும் கவலைப்படாமலும் இருக்கிறவைதான் குடுத்து வைச்ச சனம் எண்டும் அவரே சொல்லுறார். டு ரியலி அண்டர்ஸ்டாண்ட் எண்டு எழுதினா ஒருத்தற்ர கடனும் கூடாது, டு மட்டும் சரியான இடத்தில இருந்தாச் சரி.

எனக்குத் தேவை இதுதான் ஐயா. அந்தப் பகுதி எழுதிற டீச்சர் ஆரெண்டு எனக்குத் தெரியாது, நல்லா எழுதுறா, டென்ஸ் பாடம் நாலு கிழமை போட்டது என்ர கண்ணாடிக்குக் கீழ இன்னும் இருக்கு. வாற கிழமை ஒரு சின்னப் பெட்டி கட்டி, டு இல்லாம வாற இன்ஃபினிட்டிவும் இருக்கு எண்டு போடச் சொல்லுங்கோ, போகேல்லை, போகேலாது, போக விடு எண்டதுகளைப் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. ஒவ்வொரு லைட் போஸ்டிலயும் முப்பது நாளில ஸ்போக்கன் இங்கிலிஷ் எண்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறவைக்குத் தமிழை வைச்சுப் படிப்பிக்க நேரமில்லை, தமிழ்ப் பேப்பருக்கு இருக்கோணும்.

இன்னும் எழுதுவன், ஆனா கவுன்டர்ல ஒரு தம்பி வந்து நிக்கிறார், கையில வேலைக்குப் போடுற லெட்டர், முதல் வரியே "ஐ வுட் லைக் டு அப்ளையிங்" எண்டு இருக்கு, நாலு மணிக்குள்ள போஸ்ட் ஒஃபிசுக்குப் போகோணுமாம்.

இப்படிக்கு,
கொமியூனிகேஷன் கடைக்காரன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.